விழுங்கப்பட்ட அந்நியப் பொருள்கள்: எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது?

திருத்தணிக்கு வரும் குடும்பங்களுக்கும் அவ்வட்டாரத்தில் வாழ்வோருக்குமான நலவாழ்வு வழிகாட்டி

நாணயம், கம்மலின் திருகாணி, ஊக்கு, மீன் முள், பொம்மையின் பேட்டரி போன்று உடலால் செரிக்க இயலாத ஒரு பொருள் தவறுதலாக விழுங்கப்பட்டு உணவுப்பாதையை அடையும்போது, அதனை ‘அந்நியப் பொருள்’ என மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். இவ்வாறு விழுங்கப்படும் பொருள்களில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை எவ்விதச் சிகிச்சையுமின்றி மலத்துடன் வெளியேறிவிடுகின்றன. நூற்றுக்கு 10 முதல் 20 வரையானவற்றை எண்டோஸ்கோபி எனப்படும் உள்நோக்கிக் கருவியால் எடுக்க நேரிடுகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவே.

இக்கணக்கு ஆறுதலளிப்பதுதான். ஆயினும், “தானாக வெளியே வந்துவிடும்” என்னும் பொது நம்பிக்கை எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தாது. நாணயத்திற்கு ஓரளவு பொருந்தும் இந்நம்பிக்கை, அதே அளவுள்ள பட்டன் பேட்டரிக்குச் சற்றும் பொருந்தாது. விழுங்கப்பட்டது என்ன, அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரமாயிற்று என்னும் மூன்று கேள்விகளுக்கான விடைகளே அபாயத்தைத் தீர்மானிக்கின்றன. இவ்விடைகளை விரைவாக அறியவும், அறிந்தபின் சரியாகச் செயல்படவும் இப்பக்கம் உங்களுக்கு உதவும்.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியவை

• பட்டன் பேட்டரி, ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள், கூரான பொருள் ஆகியவற்றுள் ஒன்றை விழுங்கியிருந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• விழுங்கியது நாணயமா பேட்டரியா என்பதில் ஐயம் இருந்தால், பேட்டரி என்றே கருதிச் செயல்படுங்கள்.
• வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுக்காதீர்கள்.
• மூச்சுத்திணறல், எச்சிலை விழுங்க இயலாமை, இரத்த வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் 108 எண்ணை அழையுங்கள்.

திருத்தணியில் கூடுதல் கவனம் ஏன்?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருத்தணி, முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்று. 365 படிகள் கொண்ட இம்மலைக்கோயிலுக்குத் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், நகரி, புத்தூர், திருப்பதி முதலிய ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் வருகின்றன. ஆடிக் கிருத்திகையின்போது கூட்டம் பன்மடங்காகப் பெருகுகிறது.

முடி காணிக்கை செலுத்துவதும் காது குத்துவதும் பெரும்பாலும் குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நடைபெறுகின்றன. கையில் கிடைக்கும் எதனையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவமும் அதுவே. அந்நியப் பொருள் விழுங்கும் நிகழ்வுகள் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடையேதான் மிகுதி.

நேர்த்திக்கடன் நாளில் இக்குழந்தையைச் சுற்றியுள்ள பொருள்களை எண்ணிப் பாருங்கள். உண்டியலில் போடுவதற்காக அதன் கையில் ஒரு நாணயத்தைக் கொடுக்கிறோம். புதிதாகக் குத்திய காதில் சிறு கம்மலும் திருகாணியும் இருக்கின்றன. தூக்கி வைத்திருப்பவரின் சேலையில் ஊக்கு குத்தப்பட்டிருக்கிறது. அழுகையை நிறுத்த ஒளிரும் பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுக்கிறோம். பெரியவர்கள் அனைவரும் சடங்கில் ஈடுபட்டிருக்கும்போது, குழந்தை எதையேனும் வாயில் போட்டுக்கொண்டதை ஒருவரும் காணாமல் போகக்கூடும்.

உணவுப்பாதையில் பொருள் சிக்கும் இடங்கள்

விழுங்கிய பொருள் தொண்டையிலிருந்து உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் வழியாக ஆசனவாயை அடைகிறது. இப்பாதை எங்கும் ஒரே அகலம் உடையதன்று.

உணவுக்குழாய்: அந்நியப் பொருள்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். இக்குழாயில் இயல்பாகவே குறுகலான இடங்கள் மூன்று உள்ளன: கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள மேல் முனை, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வளைந்து செல்லும் நடுப்பகுதி, இரைப்பையுடன் இணையும் கீழ்முனை. குழந்தைகள் விழுங்கும் நாணயங்கள் பெரும்பாலும் மேல் முனையில் நின்றுவிடுகின்றன. மூச்சுக்குழாயும் பெருந்தமனியும் உணவுக்குழாயை ஒட்டியே இருப்பதால், இங்கு ஏற்படும் புண் அவற்றையும் தாக்கக்கூடும்.

இரைப்பை: உணவுக்குழாயைக் கடந்த பொருள்களில் பெரும்பாலானவை இங்கிருந்து எளிதாக நகர்ந்துவிடும். எனினும், சுமார் 2.5 செ.மீ.க்கு மேல் அகலமான பொருள்கள் இரைப்பையின் வாயிலைக் கடக்கத் திணறும். சுமார் 6 செ.மீ.க்கு மேல் நீளமான பொருள்கள் அதை அடுத்துள்ள முன்சிறுகுடலின் வளைவில் திரும்ப இயலாமல் நின்றுவிடும். சிறு குழந்தைகளுக்கு இவ்வளவுகள் இன்னும் குறைவு.

சிறுகுடல் முடிவடையும் இடம்: சிறுகுடல் பெருங்குடலுடன் இணையும் வாயில் வலது அடிவயிற்றில் உள்ளது. மீன் முள், பல்குச்சி போன்ற மெல்லிய கூரான பொருள்கள் இங்கே குத்தித் துளையிடக்கூடும். அவ்வலி குடல்வால் அழற்சியின் வலியைப் போன்றே தோன்றும்.

பொருள்களும் அவற்றின் அபாயங்களும்

1. பட்டன் பேட்டரி: மிக உயர்ந்த அபாயம்

ஒளிரும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை, மின் அகல்விளக்கு, வாகனச் சாவி, எடை பார்க்கும் கருவி, காது கேட்கும் கருவி ஆகியவற்றில் பட்டன் பேட்டரிகள் உள்ளன. இவற்றுள் சி.ஆர். 2032 என்னும் குறியீடு கொண்ட 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி மிகவும் ஆபத்தானது. 2019-ஆம் ஆண்டு வரிசையில் வெளியிடப்பட்ட 1 ரூபாய் நாணயத்தின் விட்டமும் 20 மி.மீ. ஆகும். ஒரு நாணயம் சிக்கும் அதே இடத்தில் இப்பேட்டரியும் சிக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பேட்டரியிலிருந்து கசியும் வேதிப்பொருளே புண்ணை உண்டாக்குகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையான காரணம் வேறு. ஈரமான உணவுக்குழாயின் சுவரில் பேட்டரி படிந்ததும் மின்னோட்டம் தொடங்குகிறது. அம்மின்னோட்டம் பேட்டரியின் எதிர்முனை தொடும் இடத்தில் கடுங்காரத்தை உருவாக்குகிறது. அக்காரம் திசுவை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான காயம் ஏற்படக்கூடும். பொம்மை ஒளிராத அளவிற்குத் தேய்ந்துபோன பேட்டரியிலும் இக்காயத்தை உண்டாக்கப் போதுமான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். ஆகவே, “அது பழைய பேட்டரிதான்” என எண்ணித் தாமதிக்கக் கூடாது.

பேட்டரியை வெளியே எடுத்த பின்னரும் காயம் சில நாள்களுக்கு ஆழமாகிக்கொண்டே செல்லலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுதல், குரல்நாண் செயலிழத்தல், உணவுக்குழாய் சுருங்குதல் ஆகியவை பின்விளைவுகள். இவை அனைத்திலும் கொடியது, புண் பெருந்தமனியை எட்டி ஏற்படும் இரத்தப்போக்கு. இது பேட்டரியை எடுத்துச் சில நாள்களிலோ சில வாரங்களிலோகூட நேரலாம். பெரும் இரத்தப்போக்கிற்கு முன்னர்ச் சிறிதளவு இரத்த வாந்தியோ கருநிற மலமோ முன்னறிகுறியாகத் தோன்றலாம். அதனை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

2. காந்தங்கள்: உயர்ந்த அபாயம்

விளையாட்டுப் பொருள்களிலும் அணிகலன்களிலும் உள்ள சிறிய காந்தங்கள் மிகுந்த ஈர்ப்பு விசை உடையவை. ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். இரண்டு காந்தங்களையோ ஒரு காந்தத்துடன் ஓர் உலோகப் பொருளையோ விழுங்கினால், குடலின் வெவ்வேறு வளைவுகளிலிருந்து அவை ஒன்றையொன்று ஈர்க்கும். இடையே சிக்கிய குடல் சுவர் இரத்த ஓட்டம் இழந்து அழுகித் துளைபடும். விழுங்கியவை எத்தனை என்பதை உறுதியாகக் கூற இயலாதபோது, ஒன்றுக்கு மேற்பட்டவை எனவே மருத்துவர்கள் கருதுவர். காந்தம் விழுங்கியவரின் அருகில் இரும்பு வளையல், அரைஞாண் உலோகப் பூட்டு போன்றவற்றை வைக்காதீர்கள்.

3. கூரான பொருள்கள்: உயர்ந்த அபாயம்

திறந்த ஊக்கு, கொண்டை ஊசி, கம்மலின் தண்டு, பல்குச்சி, மீன் முள், எலும்புத் துண்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை குத்திய இடத்தில் துளை விழுந்து, நெஞ்சறையிலோ வயிற்றறையிலோ சீழ் பிடிக்கக்கூடும். குடல் சுவரைக் கடந்து சென்ற மீன் முள் கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கிய நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அத்தகையோரில் பலருக்கு முள் விழுங்கியதே நினைவில் இருப்பதில்லை. விளங்காத காய்ச்சலும் வயிற்றுவலியுமே அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவருகின்றன.

4. நீரில் ஊறிப் பெருகும் மணிகள்

அலங்காரத்திற்கும் விளையாட்டிற்கும் விற்கப்படும் வண்ண ஜெல் மணிகள், நீரில் ஊறிப் பன்மடங்கு பெருகும் தன்மையுடையவை. கடுகளவில் விழுங்கப்பட்டது குடலுக்குள் கோலிக்குண்டளவு பெருகி அடைப்பை ஏற்படுத்தலாம். இவை சாதாரண எக்ஸ்-ரே படத்தில் தெரிவதில்லை. எனவே, விழுங்கியதாக ஐயம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுவது இன்றியமையாதது.

5. நாணயம் முதலிய மழுங்கலான பொருள்கள்

இன்று புழக்கத்திலுள்ள 1 ரூபாய் முதல் 20 ரூபாய் வரையிலான நாணயங்களின் விட்டம் ஏறத்தாழ 2 முதல் 2.7 செ.மீ. வரை உள்ளது. இரைப்பையை அடைந்துவிட்ட நாணயம் பெரும்பாலும் சில நாள்களில் வெளியேறிவிடும். உணவுக்குழாயிலேயே நின்றுவிட்ட நாணயத்தை 24 மணி நேரத்திற்குள் அகற்ற வேண்டும். எச்சில் வடிதலோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் அதுவரையும் காத்திருக்க இயலாது. நாணயம் எங்கே இருக்கிறது என்பது எக்ஸ்-ரே எடுக்காமல் தெரியாது. ஆகவே, வலியின்றி இருக்கும் குழந்தைக்கும் ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

6. முதியோர் விழுங்கும் பொருள்கள்

கண்பார்வை குறைந்த முதியோர், தனித்தனியாக வெட்டி வைத்த மாத்திரையை அதன் உறையுடனேயே விழுங்கிவிடுவதுண்டு. உறையின் கூரிய மூலைகள் குடலைக் கிழிக்கக்கூடும். பொருத்திக் கழற்றும் பல்செட்டும் இவ்வாறே விழுங்கப்படுகிறது. அதன் பிளாஸ்டிக் பகுதி எக்ஸ்-ரே படத்தில் தெரியாமல் போகலாம். உணவுத்துண்டு அடிக்கடி நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு உணவுக்குழாயில் சுருக்கமோ வேறு நோயோ இருக்கக்கூடும். அடைப்பு நீங்கிய பின்னரும் அவர்கள் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

யாரும் காணாதபோது எவ்வாறு அறிவது?

பேசத் தெரியாத குழந்தையால் தான் விழுங்கியதைக் கூற இயலாது. தொடக்கத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். சில வேளைகளில் சளி, இருமல், தொண்டைவலி போன்றே தோன்றி, அதற்கான மருந்துகளிலேயே நாள்கள் கழிந்துவிடுகின்றன. பின்வருவனவற்றைக் கண்டால் அந்நியப் பொருளையும் ஒரு காரணமாக எண்ணிப் பாருங்கள்:

• திடீரென உணவை மறுத்தல், குறிப்பாகத் திட உணவை மறுத்துத் திரவத்தை மட்டும் அருந்துதல்
• வழக்கத்திற்கு மாறாக எச்சில் வடிதல், குமட்டல், வாந்தி
• கழுத்திலோ நெஞ்சிலோ கைவைத்து அழுதல்
• சளியின்றித் தொடரும் இருமல், குரல் மாற்றம், மூச்சிரைப்பு
• வயிறு உப்புதல், தொடரும் வயிற்றுவலி, பச்சை நிற வாந்தி
• காரணம் விளங்காத காய்ச்சல்
• இரத்தம் கலந்த அல்லது கருநிற மலம்

இவற்றுடன், பொம்மையின் பேட்டரி மூடி திறந்து கிடந்தாலோ கம்மலின் திருகாணி காணாமற் போயிருந்தாலோ, அது மறுக்க முடியாத தடயமாகும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

முதலில், பொருள் மூச்சுப்பாதையை அடைத்துள்ளதா எனப் பாருங்கள். குழந்தையால் அழவோ இருமவோ பேசவோ இயலாமல் முகம் நீலம் பாய்ந்தால், அது மூச்சடைப்பு. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்குமாறு பிடித்து, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பின்னர் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதிற்கு மேற்பட்டோருக்கு, முதுகில் ஐந்து முறை தட்டியபின், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே இரு கைகளாலும் உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும் வரை இவற்றை மாறிமாறிச் செய்யுங்கள். அதே நேரத்தில் மற்றொருவர் 108 எண்ணை அழைக்கட்டும். நினைவிழந்தால் இதய நுரையீரல் உயிர்ப்பிப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

மூச்சு சீராக இருந்தால்:

1. குழந்தையை அமைதியாக உட்கார வையுங்கள். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். பெரிய குழந்தைகள் அச்சத்தால் உண்மையை மறைத்துவிடுவர்.
2. உணவும் நீரும் கொடுக்காதீர்கள். எண்டோஸ்கோபிக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வயிறு காலியாக இருப்பது நல்லது.
3. விழுங்கியதைப் போன்ற மற்றொரு பொருள், பொம்மை, பேட்டரியின் உறை ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.
4. விழுங்கிய நேரத்தையும் கடைசியாக உணவு உண்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேன்: பேட்டரிக்கு மட்டுமேயான விதிவிலக்கு

பட்டன் பேட்டரியை விழுங்கி 12 மணி நேரத்திற்கு உட்பட்டிருந்தால், மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை 2 தேக்கரண்டி, அதாவது 10 மி.லி. தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து, காரத்தின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. இது சிகிச்சை ஆகாது. தேனைத் தேடி ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்கும், விழுங்க இயலாதவருக்கும் தேன் கொடுக்கவே கூடாது. கோயில் பஞ்சாமிர்தத்தில் தேன் கலந்திருந்தாலும் அது தேனுக்கு மாற்றாகாது. அதிலுள்ள பழமும் பேரீச்சையும் திட உணவு என்பதால் தவிர்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

• விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைத்தல். மேலே வரும் பொருள் மூச்சுக்குழாயில் நுழையலாம். கூரான பொருள் இரண்டாம் முறையும் கிழிக்கலாம்.
• சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ மெல்லாமல் விழுங்கச் செய்தல். தொண்டையில் மேலோட்டமாகக் குத்தியுள்ள முள் இதனால் இன்னும் ஆழமாக இறங்கக்கூடும்.
• விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்து கொடுத்தல். குடலின் வேகமான அசைவு, கூரான பொருளால் ஏற்படும் அபாயத்தை மிகுவிக்கும்.
• கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவுதல்.
• ‘தொக்கம் எடுத்தல்’, ‘சொக்கெடுத்தல்’ எனப்படும் வழக்கத்தை நாடுதல். வயிற்றை நீவியோ குழலால் உறிஞ்சியோ உணவுக்குழாயிலும் குடலிலும் உள்ள பொருளை எடுக்க முடியாது. நீவும்போது கூரான பொருள் குடலைத் துளைக்கலாம். ஏதோ ஒன்று எடுத்துக் காட்டப்பட்டதால் மனம் நிறைவடைந்து வீடு திரும்பும் குடும்பம், சிகிச்சைக்கு உரிய மணி நேரங்களை இழந்துவிடுகிறது. பெரியவர்கள் அக்கறையுடன் இவ்வழியைப் பரிந்துரைத்தாலும், முதலில் எக்ஸ்-ரே எடுத்துவிடலாம் எனப் பணிவுடன் எடுத்துக் கூறுங்கள்.

எந்த மருத்துவமனைக்குச் செல்வது?

ஊருக்குத் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணாதீர்கள். திருத்தணியிலிருந்து சாலை வழியாகத் திருவள்ளூர் சுமார் 40 கி.மீ., திருப்பதி சுமார் 70 கி.மீ., சென்னை சுமார் 85 கி.மீ. தொலைவில் உள்ளன. சென்னைப் பயணத்திற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பேட்டரி கடுங்காயம் உண்டாக்குவதற்கும் அந்நேரம் போதுமானது.

கூட்ட நாளில் மலைமேல் இருந்தால், அருகிலுள்ள காவலர், கோயில் பணியாளர் அல்லது மருத்துவ முகாமில் உள்ளோரிடம் “குழந்தை பேட்டரி விழுங்கிவிட்டது” எனத் தெளிவாகக் கூறி உதவி கோருங்கள். 108 ஊர்தி வருவதற்குள் கீழே இறங்க வாகனம் கிடைத்தால் காத்திருக்க வேண்டாம். முதலில் திருத்தணி அரசு மருத்துவமனைக்குச் சென்று, பொருள் இருக்கும் இடத்தை எக்ஸ்-ரே மூலம் அறியுங்கள். மேல்சிகிச்சை தேவையெனில், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றுள் பொருத்தமான இடத்திற்கு மருத்துவர் அனுப்பி வைப்பார். மருத்துவமனையை நீங்களே தேடி அலைவதைவிட, மருத்துவர் முன்கூட்டியே தொலைபேசியில் தகவல் கூறி அனுப்புவது நேரத்தைச் சேமிக்கும்.

ஆந்திரத்திலிருந்து வந்துள்ள குடும்பத்தினரும் தயங்க வேண்டாம். அவசரச் சிகிச்சைக்கு மாநில எல்லை தடையன்று. 108 சேவை இரு மாநிலங்களிலும் உள்ளது. தமிழ் தெரியாத பெற்றோர் அருகில் தவிப்பதைக் கண்டால், தெலுங்கு அறிந்த நீங்கள் உடன் சென்று விவரத்தை எடுத்துரைப்பதும் பேருதவியே.

மருத்துவமனையில் நடைபெறுபவை

கழுத்து, மார்பு, வயிறு ஆகிய பகுதிகள் எக்ஸ்-ரே எடுக்கப்படும். நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. நேர்ப்படத்தில் பேட்டரியின் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் அதன் ஓரம் படிபோல் இறங்கியிருக்கும். நாணயத்தில் இவை காணப்படுவதில்லை. பிளாஸ்டிக், மரம், பெரும்பாலான மீன் முள்கள் ஆகியவை எக்ஸ்-ரே படத்தில் தெரியாமல் போகலாம். எனவே, படத்தில் ஒன்றும் இல்லை என்பதாலேயே பொருள் இல்லை எனக் கொள்ளக் கூடாது. தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோபி செய்யப்படும்.

உணவுக்குழாயில் நிற்கும் பட்டன் பேட்டரி, காலதாமதமின்றி எண்டோஸ்கோபி வழியாக அகற்றப்படும். இரைப்பையில் எட்டும் தொலைவில் உள்ள கூரான பொருள்களும் காந்தங்களும், அவை குடலுக்குள் இறங்குவதற்கு முன் எடுக்கப்படும். துளை விழுந்தாலோ குடல் அடைபட்டாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் செவாலியர் ஜாக்சன், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுப்பாதையிலிருந்தும் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், அந்நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஊக்கு, நாணயம், பொத்தான், எலும்பு என அவற்றுள் பல இன்றும் நம் வீடுகளில் விழுங்கப்படுபவையே. அக்காலத்தில் இல்லாது நம் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவை லித்தியம் பேட்டரியும் சிறு காந்தங்களுமே. பாட்டி காலத்து அனுபவ அறிவு நாணயத்திற்குத் துணைநின்றிருக்கலாம். இப்புதிய பொருள்களுக்கு அது வழிகாட்டாது.

வீட்டிலிருந்து கண்காணிக்கும்படி கூறப்பட்டால்

பொருள் இரைப்பையைக் கடந்துவிட்டது, அது மழுங்கலானது என உறுதியானபின், மருத்துவர் உங்களை வீட்டிற்கு அனுப்பலாம். அப்போது வழக்கமான உணவையே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மலத்தைச் சோதித்துப் பாருங்கள். கூறப்பட்ட நாளில் மீண்டும் எக்ஸ்-ரே எடுக்கத் தவறாதீர்கள். இரைப்பையிலுள்ள நாணயம் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வெளியேறாவிட்டால், அதனை எடுக்க வேண்டியிருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு உப்புதல், இரத்தம் கலந்த மலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே திரும்பி வாருங்கள்.

தடுக்கும் வழிகள்

• பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு இம்முத்திரை கட்டாயம். பேட்டரி மூடி திருகால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் அதை வாங்காதீர்கள்.
• வாகனச் சாவி, மின் அகல்விளக்கு போன்றவை பொம்மைகள் அல்ல. அவற்றைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.
• தீர்ந்த பேட்டரியின் இரு பக்கங்களிலும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பின்னர் அப்புறப்படுத்துங்கள்.
• உண்டியலில் காணிக்கை போடச் செய்யும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்டியலின் அருகில் சென்றபின் நாணயத்தைக் கொடுங்கள்.
• காது குத்தியபின் திருகாணி இறுக்கமாக உள்ளதா என நாள்தோறும் பாருங்கள். உறங்கி எழுந்ததும் கம்மல் இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.
• சேலை கட்டும்போதோ குழந்தைக்கு உடை மாற்றும்போதோ ஊக்கை வாயில் கவ்விக்கொள்ளாதீர்கள். இவ்வாறு கவ்வியதே பெரியவர்கள் ஊக்கு விழுங்கக் காரணமாகிறது. காணும் குழந்தையும் அதனைப் பின்பற்றும்.
• முதியோருக்கு மாத்திரையை உறையிலிருந்து பிரித்துக் கொடுங்கள். தளர்ந்த பல்செட்டைப் பல் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். உறங்கும் முன் கழற்றி வையுங்கள்.
• மண், சுண்ணாம்பு, முடி ஆகியவற்றைத் தொடர்ந்து உண்ணும் பழக்கம் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள். இது இரும்புச்சத்துக் குறைவுடன் தொடர்புடையதாக இருக்கலாம். உண்ட முடி இரைப்பையில் பந்துபோல் திரண்டு அடைப்பை ஏற்படுத்தக்கூடும்.
• மன வேதனையால் ஒருவர் வேண்டுமென்றே பொருளை விழுங்கியிருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். உடலுக்கான சிகிச்சையுடன் மனநல ஆலோசனையும் தேவை. டெலி-மானஸ் 14416 எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம்.

உதவி எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
மனநல ஆலோசனை: 14416

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்விற்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா. ஐயம் எழும்போது காத்திருப்பதைவிட ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. படத்தில் தெரிவது நாணயமாக இருந்தால் நீங்கள் இழப்பது சில மணி நேரம் மட்டுமே. பேட்டரியாக இருந்தால், அச்சில மணி நேரமே குழந்தையின் உயிரைக் காக்கும்.